வேட்டைக்கரையும் வேடிக்கைக்கரையும்

நியூஸிலாந்தின் வடதீவையும் தென்தீவையும் பிரிப்பது குக் நீரிணை. வெல்லிங்டனிலிருந்து பிக்டன் என்னும் சிறு துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் மூன்றரை மணி நேரத்தில் அதைக் கடந்துவிடுகிறது. கார்களையும் சரக்கு லாரிகளையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு செல்லும் அக்கப்பல், நீரிணையின் அலைச்சலிலிருந்து தப்பி டோரி கால்வாய்க்குள் நுழைந்ததும், அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மேல்தளத்துக்கு வந்துவிடுகிறார்கள். இருபுறமும் காடடர்ந்த மலைகள். நடுவே பச்சை நீர். அந்தக் கரையில்தான் நியூஸிலாந்தின் கடைசித் திமிங்கில வேட்டை நிலையம் இருந்தது. பெரானோ குடும்பத்தார் 1911இல் தொடங்கிய வேட்டை அது. விசைப்படகுகளில் துரத்திச் சென்று, வெடி பொருத்திய ஈட்டிகளால் கூனல்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். 1964 டிசம்பரில் அது முடிவுக்கு வந்தது. இரக்கத்தால் நின்றதன்று. அண்டார்க்டிக் கடலில் சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் கொன்று குவித்ததில், வடக்கு நோக்கி வர வேண்டிய மந்தைகள் அற்றுப்போயின. எண்ணெயின் விலையும் வீழ்ந்தது. கடை கட்டினார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. 2004 முதல் 2015 வரை, அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே நீரிணையைக் கடந்துபோகும் கூனல்முதுகுத் திமிங்கிலங்களைக் கணக்கெடுத்தது. குன்றின்மேல் அமர்ந்து கடலைத் துழாவிக் கண்டுசொன்னவர்களில் பழைய வேட்டைக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். வெகுதொலைவில் எழும் மூச்சுத்துளியை அலைநுரையிலிருந்து பிரித்தறிய அவர்களுடைய கண்களைப் போல் வேறு கண்கள் பழகியிருக்கவில்லை. கொல்வதற்காகக் கற்ற கல்வி, எண்ணுவதற்குப் பயன்பட்டது. எங்கள் ஒருவாரப் பயணம் முழுவதும் இந்தச் செய்தி உடன்வந்துகொண்டே இருந்தது.

பயணம் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. உடன்குடிக்காரரான மைத்துனர் வெல்லிங்டனில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய காரை வாங்கிக்கொண்டு, கணவன் மனைவி இருவர் மட்டும், மே மாதக் கல்லூரி விடுமுறையில் புறப்பட்டோம். நமக்குக் கத்திரி வெயில். அவர்களுக்கு இலையுதிர்காலத்தின் கடைசி. பிக்டனில் இறங்கி, மார்ல்பரோவின் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு நாள், கிழக்குக் கரையோரமாகக் கைக்கோரா சென்று அங்கே இரண்டு நாள், பிறகு கிறைஸ்ட்சர்ச், அக்கரோவா. இதுதான் திட்டம். "அத்தான், இங்கயும் லெஃப்ட் சைடுதான், பயப்படாதீங்க. ஆனா ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க, சண்டைக்கு வந்ததா நினைப்பாங்க" என்பது அவர் தந்த ஒரே அறிவுரை. ஏழு நாளில் ஒருமுறைகூட ஒலிப்பானைத் தொடாமல் ஓட்டியது எங்கள் வாழ்நாள் சாதனைகளுள் ஒன்று.

நிற்க. வெல்லிங்டனைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் அந்த மணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வில்லியம் கொலென்ஸோ என்னும் கிறித்தவ ஊழியர் 1830களில் வடதீவின் மாவோரி ஊரொன்றில் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் புழங்கிக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பொருளைக் கண்டார். விளிம்பு உடைந்த கப்பல் மணி அது. சுற்றிலும் பழந்தமிழ் வரிவடிவில், இன்னாருடைய கப்பலின் மணி என்று பொறித்திருந்தது. முகையதீன் வக்குசு என்று உரிமையாளரின் பெயரை வாசித்திருக்கிறார்கள். இன்று தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமை. நாங்கள் போன அன்று காட்சிக்கூடத்தில் அது இல்லை, படத்தைத்தான் பார்த்தோம். மரக்காயர் கப்பலொன்றின் மணி எந்த வழியாக, எத்தனை கை மாறி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. தமிழன் நியூஸிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அது வசதியாக இருக்கிறது. சொல் பொறித்த ஒரு பாத்திரத்தில் எவரோ கிழங்கு அவித்துப் பசியாறினார்கள் என்பதே எங்களுக்குப் போதுமான வியப்பாக இருந்தது.

மார்ல்பரோவுக்கு வருவோம். பிளெனம் நகரைச் சூழ்ந்த வைராவ் ஆற்றுப் படுகையில் 1973இல் மொன்டானா என்னும் நிறுவனம் பெருமளவில் திராட்சை நட்டபோது, அது ஆடு மேய்ந்த நிலம். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கற்கள் மண்டிய, நீர் நில்லாத தரை. சோவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சைக்கு அந்த வறுமை பிடித்துப்போயிற்று. நீண்ட பகல், குளிர்ந்த இரவு. பழம் மெல்லப் பழுக்கிறது, மணம் கூடுகிறது, புளிப்பும் குறைவதில்லை. இன்று அந்நாட்டு ஒயினில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த ஒரே வட்டாரத்தில் உண்டாகிறது. நாங்கள் சென்றபோது அறுவடை முடிந்து, கொடிகளில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. வரிசைகளுக்கிடையே ஆடுகளை விட்டிருந்தார்கள். பழைய உரிமையாளர்கள் திரும்பி வந்ததுபோல் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு தோட்டத்தில் கம்பளித் தொப்பியணிந்த இளைஞர்கள் கொடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். வனுவாட்டு, சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து பருவகாலத் தொழிலாளர்களாக வருகிறவர்கள். 2007 முதல் அதற்கென்று அரசுத் திட்டமே உண்டு. சுவைக்கூடங்களில் தரப்படும் வழவழப்பான கையேடுகளில் மண்ணும் வெயிலும் ஆற்றுக்காற்றும் பேசப்படுகின்றன. இந்தக் கைகளைப் பற்றிய ஒரு வரியை நாங்கள் காணவில்லை.

தமிழில் மதுவைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. சாராயக்கடை வாசலையும் அதனால் சீரழிந்த குடும்பங்களையும் தினமும் பார்க்கிற நமக்கு, ஒயினை மோந்து பார்த்து வருணிப்பது ஒருவகைப் பகட்டாகவே தோன்றும். அதே வேளையில், யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பரிந்துரைக்கும் நக்கீரர் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தவும் செய்கிறோம். தேறல் என்றால் கள்ளின் தெளிவு என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு, மாணவர்கள் சிரிப்பதற்குள் அடுத்த அடிக்குத் தாவிவிடுவது வழக்கம். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளின் உடைசல்கள் அந்தப் பாடலுக்குச் சான்று சொல்லும். அந்தச் சாடியில் என்ன மணந்தது என்று அவை சொல்லா. எங்களில் ஒருவர் மதுவைத் தொடாதவர். ஆகவே கார் ஓட்டும் பொறுப்பு அவருக்கு. அந்நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பை 2014இல் மேலும் இறுக்கியிருக்கிறார்கள். மற்றவர் சுவைத்தார், பெரும்பகுதியை அதற்கென வைத்திருந்த குவளையில் உமிழ்ந்தார். கூடத்திலிருந்த பெண்மணி, "கூஸ்பெர்ரி மணம் தெரிகிறதா?" என்று கேட்டார். நம் அகராதிகள் அச்சொல்லுக்கு நெல்லிக்காய் என்று எளிதாகப் பொருள் தந்துவிடுகின்றன. அது வேறு செடி, இது வேறு மரம். அதியமான் ஔவைக்குத் தந்ததை நினைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தை மோந்தால் ஏமாற்றமே மிஞ்சும். எங்களுக்கு எட்டியது செங்காயான கொய்யாவின் மணம். கூடவே, கிள்ளிய குடைமிளகாய். அப்படியே சொன்னோம். அவர் மறுக்கவில்லை.

பிளெனமிலிருந்து கைக்கோரா நூற்று முப்பது கிலோமீட்டர். முதல் பகுதியில் வறண்ட குன்றுகள். பிறகு எதிர்பாராமல் ஓர் உப்பளம். கிராஸ்மியர் ஏரி என்று பெயர். அந்நாட்டில் வெயிலில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் ஒரே இடம். பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக இருந்தது, அம்பாரங்கள் வெள்ளையாக எழுந்திருந்தன. தூத்துக்குடிப் பக்கத்தவர்கள் வண்டியை நிறுத்தாமல் போகக்கூடிய இடமா அது? அம்பாரத்தைக் கண்ட மகிழ்ச்சியில் உமணர் வாழ்க்கை பற்றி ஒரு சிறு சொற்பொழிவே காருக்குள் நிகழ்ந்தது. கேட்பவர் ஒருவரே ஆனாலும் தப்பிக்க வழியில்லாத அவை அது.

கெக்கெரெங்கு தாண்டியதும் சாலை கடலை ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் மலை செங்குத்தாக நிற்க, இடப்பக்கம் பாறை, அலை. நடுவே ஒரு சாலை, ஒரு தண்டவாளம். மூன்றாவதாக எதற்கும் இடமில்லை. ஓஹாவ் முனையில் இறங்கிப் பார்த்தால், பாறை நிறமாகவே நூற்றுக்கணக்கில் உரோமச் சீல்கள் கிடக்கின்றன. தோலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ முற்றாகக் கொன்று தீர்க்கப்பட்ட இனம். 1978இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பெருகி மீண்டும் கரைகளை நிறைத்திருக்கிறது. அருகே ஒரு சிற்றோடையும் அருவியும் இருந்தன. குளிர்காலத்தில் தாய்கள் கடலில் இரைதேடப் போகும்போது, குட்டிகள் ஓடை வழியே காட்டுக்குள் ஏறி வந்து அருவித்தடாகத்தில் விளையாடும். இருந்தன என்று எழுதுவதற்குக் காரணம், 2016 நவம்பர் 14.

அன்று நள்ளிரவு கடந்து இரண்டாவது நிமிடத்தில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பிளவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக உடைந்தன. இருவர் இறந்தனர். மலைகள் சரிந்து சாலையையும் இருப்புப்பாதையையும் மூடின. அருவித்தடாகம் மண்ணுக்குள் போயிற்று. கைக்கோரா ஊர் தரைவழித் தொடர்பு இழந்தது. வடக்குச் சாலை மீண்டும் திறக்கப்பட்டது 2017 டிசம்பர் நடுவில்தான். இவை எங்கும் நடப்பவை. நடவாதது ஒன்று நடந்திருந்தது: ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி உயர்ந்து மேலே வந்துவிட்டது. சில இடங்களில் ஒரு முழம், சில இடங்களில் ஆள் உயரம், ஓரிடத்தில் ஆறு மீட்டர் வரை. காலையில் மக்கள் சென்று பார்த்தபோது, நேற்றுவரை நீருக்கடியில் இருந்த பாறைகள் பாசியோடும் சிப்பிகளோடும் வெயிலில் கிடந்தன. பாவுவா என்னும் சிப்பியினத்தைக் கூடை கூடையாக அள்ளி ஆழத்தில் விட்டார்கள், பெரும்பகுதி மடிந்தது. அதை எடுப்பதற்கான தடை 2021 டிசம்பர் வரை நீடித்தது. இன்றும் கைக்கோராவின் கரையில் நடந்தால், வெளிறிய சுண்ணப்பாறைத் தளம் கடலுக்குள் நெடுந்தூரம் நீண்டு கிடக்கிறது. கடல் பின்வாங்கவில்லை, நிலம் எழுந்துகொண்டது. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அந்தப் பாறைமேல் நிற்கையில் சொல்ல எதுவும் தோன்றாது.

கைக்கோரா என்றால் சிங்கி இறால் உணவு என்று பொருள். கை உணவு, கோரா சிங்கி இறால். அங்கு வாழும் மாவோரி மக்கள் ஙாய் தாஹு இனத்தின் ஒரு கிளையான ஙாத்தி குரி. மொழிமுதலில் ஙகரம் வாராது என்று தொல்காப்பியம் படித்தவர்கள், ஙகரத்தால் தொடங்கும் சொற்கள் மலிந்த மொழியொன்றைக் கேட்கும்போது அடையும் கிளர்ச்சியை மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். தென்தீவு வழக்கில் அதுவே ககரமாகிவிடும் என்பதையும் அறிந்துகொண்டோம். ஆக, மெல்லினமும் வல்லினமும் அங்கேயும் இடம் மாறிக்கொள்கின்றன.

1840களில் ராபர்ட் ஃபைஃப் என்பவர் இங்கே வேட்டை நிலையம் அமைத்தார். அக்காலத்து வீடொன்று இன்றும் நிற்கிறது, திமிங்கில முதுகெலும்புகளையே அடித்தளக் கற்களாகக் கொண்டு. வேட்டை ஓய்ந்தபின் ஊரைத் தாங்கியவை ரயில்வேயும் அரசுப் பணிகளும். 1980களில் அரசு சீர்திருத்தம் என்ற பெயரில் அவற்றைச் சுருக்கியபோது முதலில் வேலையிழந்தவர்கள் மாவோரிகள். 1987இல் அவர்களில் சில குடும்பங்கள் வீடுகளை அடமானம் வைத்துக் கடன்பெற்று ஒரு சிறு படகு வாங்கின. திமிங்கிலங்களைக் காட்டுவது தொழில். திமிங்கிலத்தின் முதுகிலேறி வந்த பைக்கேயா என்னும் முன்னோனின் கதையைச் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். ஊரார் சிரித்திருக்கக்கூடும். இன்று அந்த ஊரே அதனால்தான் பிழைக்கிறது. சுற்றுலா என்றாலே முகம் சுளிக்கிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. ஆனால் இந்த இடத்தில் கடலைக் காட்டுகிறவர்களும் கடலுக்கு உரியவர்களும் ஒருவரே என்பது பெரிய வேறுபாடு. கடற்கரை விடுதிகளின் சுற்றுச்சுவருக்கு வெளியே வலை காயப்போட இடம் தேடும் நம் மீனவர்களை நினைத்துக்கொண்டோம்.

முதல் நாள் படகு இல்லை. கடல் கொந்தளிப்பு என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் காலை மட்டுமே எங்களிடம் மிச்சம் இருந்தது. அன்று மாலை விடுதியறையில் பேச்சு வேறெங்கோ போனது. 2016 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம் நாங்கள் உடன்குடியில் இருந்தோம். மணப்பாடு தொடங்கித் திருச்செந்தூர்ப் பக்கம் வரை எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறிக் கிடந்தன. மீனவர்கள் கயிறு கட்டிப் படகுகளால் ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். பல, திரும்பவும் கரைக்கே வந்தன. பெண்கள் குடத்தில் நீர் மொண்டு அவற்றின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எங்களில் ஒருவரும் உண்டு. நாற்பதுக்கு மேல் இறந்தன. குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்குமுன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தது எலும்புக்கூடு. ஆக, கடலுக்குரிய நிலையில் ஒரு திமிங்கிலத்தை அதுவரை நாங்கள் கண்டதில்லை. திமி என்னும் பெருமீனையும் விழுங்குவது திமிங்கிலம் என்று சொல்லின் பிறப்பை விளக்குவோம். மதுரைக்காஞ்சியின் பனைமீனையும் எடுத்துக்காட்டுவோம். கண்டது என்னவோ பிணம்தான்.

மறுநாள் கடல் இறங்கியிருந்தது. கைக்கோராவின் தனித்தன்மை நீருக்கடியில் இருக்கிறது: கரைக்கு மிக அருகிலேயே ஆயிரம் மீட்டருக்கும் ஆழமான கடற்பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. மற்ற நாடுகளில் நாள்கணக்கில் பயணம் செய்து காண வேண்டிய ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் இங்கே ஊர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஆண்டு முழுவதும் இரைதேடுகின்றன. எல்லாம் ஆண்கள்; பெண்களும் குட்டிகளும் வெப்பக்கடல்களில் தங்கிவிடும். 2016 நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கும் சரிந்து, அடித்தள உயிர்களை வாரிக்கொண்டு போனது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அவை உணவு தேடும் இடங்களை மாற்றிக்கொண்டு, இரைக்காகக் கூடுதல் நேரம் செலவிட்டதை ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே கோடைகாலங்களில் இங்கு வருகிறவற்றின் எண்ணிக்கை குறைந்துவருவதாகவும் அவர்கள் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கிய தொழில், இன்றும் ஒருவகையில் அடமானத்தில்தான் இருக்கிறது.

படகோட்டி நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டார். டக், டக், டக் என்று சீராக ஒலி. பழைய மாலுமிகள் இதைத் தச்சன் என்று அழைத்தார்களாம். பட்டறையில் உளி தட்டுவதைப் போலவே இருந்தது. ஒலி நின்றால் மேலே வருகிறது என்று பொருள். நின்றது. பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. பிறகு, இடப்பக்கமாகச் சாய்ந்து ஒரு புகைமூட்டம் எழுந்தது.

பார்த்தவை அதிகமில்லை. மிதக்கும் மரத்துண்டைப் போல் சுருக்கம் விழுந்த சாம்பல்நிற முதுகு. அதற்குமேல் கால் நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு. மூச்சுக்கு ஒலி இருந்தது. நூற்றைம்பது முழத் தொலைவிலும் கேட்டது. "ஏங்க, அன்னைக்கும் இப்படித்தான் மூச்சு விட்டுச்சு" என்ற குரல் பக்கத்திலிருந்து வந்தது. மணப்பாட்டில் மணலில் கிடந்தவற்றின் மூச்சைத்தான் சொன்னார். அதற்கு மறுமொழி எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. ஏழெட்டு நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு, முதுகை வளைத்து, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நீர் சிதறாமல் இறங்கிப்போயிற்று. அது மீண்டும் எழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்றார்கள். படகில் கைதட்டினார்கள். நாங்கள் அது போன இடத்தில் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக நின்ற நீர்வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆழத்துக்குப் போவதற்கு அதற்கு எவருடைய கயிறும் தேவைப்படவில்லை.

வைப்பாராவில் மதிய உணவு. அங்கே ரீஸ்லிங் நன்றாக வரும் என்றார்கள், நன்றாகவே இருந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரின் பெயர்கள் ஏவன் ஆற்றங்கரைச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம்.

கடைசி நாள் அக்கரோவா. அணைந்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம். 1840இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறியதால் தெருக்களுக்கு இன்னும் பிரெஞ்சுப் பெயர்கள். அங்கே ஹெக்டர் ஓங்கில்கள் உண்டு. ஓங்கில் என்பது டால்பினுக்கு நம் மீனவர்கள் வழங்கும் பெயர்; எழுத்துலகம் அதை மறந்துவிட்டது. உலகின் மிகச்சிறிய ஓங்கில்களுள் ஒன்று இது, ஒன்றரை மீட்டருக்குமேல் வளராது. முதுகுத்துடுப்பு கூர்மையாக இல்லாமல் யானைக்காதுபோல் வட்டமாக இருக்கும். நியூஸிலாந்தின் கரைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. நிலைவலைகளில் சிக்கி மூச்சுமுட்டி மடிந்துகொண்டிருந்ததால், 1988இல் இத்தீபகற்பத்தைச் சுற்றிச் சரணாலயம் அறிவித்தார்கள். மீன்பிடிப்போருடன் வழக்கு இன்னும் ஓயவில்லை.

படகில் எங்களைத் தவிர நால்வர்தான். விளக்கம் சொல்லிவந்த மாவோரிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான்கைந்து ஓங்கில்கள் படகின் முனையருகே வந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, எங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னோம். இரண்டாம் முறையிலேயே பிழையில்லாமல் சொல்லிவிட்டார். ஙகரத்தோடு பிறந்தவருக்கு அது என்ன பாடு? அவர்கள் மொழியில் துதுமைரெக்குரை என்றார். மூன்று முறை முயன்றும் எங்கள் நாவில் முழுதாக வரவில்லை. எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். துறைக்குத் திரும்பியபோது தூறல் தொடங்கியிருந்தது. கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேர மலைச்சாலை இருந்தது.